நாலு படியும் ஆறு நாள் பயிற்சியும்: போகலாமா, வேண்டாமா?

ஊரணிக்கரை எழுதியது:

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கிறேன், வயது 41. ஒன்றரை வயதில் போலியோ வந்தது. வலது காலில் காலிப்பர், கையில் ஊன்றுகோல். ஊருக்குள் சின்னதாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்துகிறேன். கேள்விக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஆறு நாள் தலைமைப் பயிற்சி நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் பெயரை யாரோ சொல்லி, வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு நாள் கடையை மூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கை நடக்கிற நேரம், சான்றிதழ் நகல் எடுக்கக் காலையிலிருந்தே கூட்டம் நிற்கும், அந்த வாரத்து வருமானம் போனால் எனக்குப் பெரிய அடி. போவதில் பயன் இருந்தால் அதையும் தாங்கிக்கொள்வேன். பயன் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

நாலு வருடம் முன்னால் இப்படி ஒரு பயிற்சிக்குப் போனேன், இரண்டு நாள். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். பலூன் ஊதச் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு 'என்னால் முடியும்' என்று சொல்லச் சொன்னார்கள், கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ. பொய் சொல்லக் கூடாது, மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. வீட்டை விட்டே வெளியே வராத பெண்கள் மூன்று பேர் அன்றைக்கு முதல் முறையாக மைக் பிடித்துப் பேசினார்கள், அதில் ஒருத்தி அழுதுவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை ஊருக்குத் திரும்பி அலுவலகத்துக்குப் போனேன், அதே நாலு படி.

அந்தப் படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அடிக்கடி போக வேண்டிய ஒரு அரசு அலுவலகம் பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கிறது. நம் ஊர் வீடுகள் தெரியுமே, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை நினைத்துத்தான் தரையை இவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கருங்கல் படி, நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும், ஊன்றுகோல் நுனி வழுக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஒரு முறை விழுந்து முன்பல் உடைந்தது, அதற்கப்புறம் ஏறுவதில்லை. எழுத்தர் நல்ல மனிதர், கீழே நின்று குரல் கொடுத்தால் பதிவேட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கே இறங்கி வருவார், ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போடுவேன். உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளவென்று தெரியும். 11 வருடமாக அந்தத் தரையைத் தெருவிலிருந்துதான் பார்க்கிறேன்.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தினார்கள். ஒவ்வொரு பேரூராட்சி, நகராட்சி மன்றத்திலும், 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக உட்கார வைக்க வழி வந்துவிட்டது. விண்ணப்பம் கேட்டபோது தெருவில் எல்லோரும் என்னைத்தான் போடச் சொன்னார்கள். பயந்துகொண்டு விட்டுவிட்டேன். மன்றத்தில் போய் உட்கார்ந்து என்ன பேசுவது? எதைக் கேட்பது? யார் கொடுப்பார்கள்? ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறை கேட்டால் விடக் கூடாது என்று இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். தலைமைப் பயிற்சிக்குப் போய் வந்து உங்கள் ஊரில் உண்மையிலேயே ஏதாவது மாறியதா? தைரியம் வந்தது, தன்னம்பிக்கை வந்தது என்பதைக் கேட்கவில்லை, அது எனக்கு இருக்கிறது. ஒரு படி, ஒரு விதி, ஒரு அலுவலக வழக்கம் மாறியதா? அப்படி மாற்றுகிற பயிற்சியை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

---

தேவகோட்டை வாத்தியார்:

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். நான் பார்வையற்றவன், பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். சங்க வேலைகளில் 1990களிலிருந்து இருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் வந்தபோது அதை ஒரு நண்பர் எனக்கு வாசித்துக் காட்டினார், ஏழு வகைக் குறைபாடுகள், வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. 2016 சட்டத்தில் அது 21 வகையாகி, அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் என்று ஆனது. இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிறேன். பாதிக்கு மேல் நீ சொன்ன பலூன் வகைதான்.

ஒன்று மட்டும் என்னை மாற்றியது. அந்தப் பயிற்சியில் எங்களிடம் ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நாங்கள் ஒரு பேருந்து நிலையத்துக் கழிப்பறையை எடுத்துக்கொண்டோம். வாசலில் இரண்டு படி. முதல் நாள் முழுக்க ஒரே கேள்வி: இந்தப் படி யாருடையது? சிரித்தோம். அப்புறம் பார்த்தால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இடம் ஒரு அலுவலகத்துக்குச் சொந்தம், கட்டடம் இன்னொரு நிதியில் கட்டியது, பராமரிப்பு குத்தகைக்காரர் கையில். அதுவரை நாங்கள் ஐந்து மனு கொடுத்திருந்தோம், ஐந்தும் தவறான மேசைக்குப் போயிருந்தன. எவரும் எங்களை வேண்டுமென்று அலைக்கழிக்கவில்லை. நாங்கள் தட்டிய கதவு தப்பு, அவ்வளவுதான்.

சரியான மேசைக்கு மனு போனதும் மூன்றே மாதத்தில் சாய்தளம் வந்துவிட்டது. சந்தோஷமாகப் போய்ப் பார்த்தோம். பார்த்தோம் என்றா சொல்வது, நான் கைத்தடியால் தட்டிப் பார்த்தேன், ஓட்டுக் கூரை மாதிரி சரிவு. சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் ஏறப் பார்த்தார், முன்சக்கரம் தூக்கிக்கொண்டது, பின்னால் நின்றவர் பிடிக்காவிட்டால் தலைகீழாகப் போயிருப்பார். சாய்தளம் என்றால் ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குலம் உயர வேண்டுமென்றால் பன்னிரண்டு அங்குலம் நீளம் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி, நீளம் அதிகமானால் நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளம். ஒப்பந்தக்காரரிடம் இதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் 'சாய்தளம் வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தோம். அது முழுக்க எங்கள் தவறு.

அதை இடித்துத் திரும்பக் கட்ட வைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் யார் மனு எழுதினாலும் முதலில் டேப் பிடித்து அளப்போம். அளவைச் சொல்லாத மனுவை அனுப்ப மாட்டோம்.

ஆகவே மதுரைக்காரர்களிடம் இதைக் கேள்: ஆறு நாளில் எங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைக் கையில் எடுத்து வேலை செய்வோமா, இல்லை நீங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வர வேண்டுமா? முதலாவது என்றால் கடையை மூடு.

---

மறியல் தம்பி:

வாத்தியார் சார் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் ஒத்துப்போக முடியவில்லை. பயிற்சியால் ஒன்றும் கிடைத்ததில்லை அக்கா. பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் ஆனது யாரும் வகுப்பில் உட்கார்ந்து வாங்கியதில்லை. எங்கள் ஆட்கள் மூன்று சக்கர வண்டியோடு சாலையில் உட்கார்ந்து, கைதாகி, கல்யாண மண்டபத்தில் அடைபட்டுத்தான் ஒவ்வொரு ஐநூறு ரூபாயும் ஏறியது. உள்ளாட்சியில் இடம் என்பதும் சங்கங்கள் பல வருடம் விடாமல் கேட்ட கோரிக்கை. 1995 சட்டமே டிசம்பர் 19ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் உரிமைப் போராளி ஜாவேத் அபிதி தலைமையில் டெல்லியில் இறங்கிப் போராடிய பிறகுதான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

எனக்குத் தெரிந்து இந்தப் பயிற்சிகள் நல்ல போராளிகளை மரியாதையான மனு எழுதுபவர்களாக ஆக்கி அனுப்புகின்றன. பயிற்சிக்குப் பணம் கொடுப்பவருக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குதான் வேண்டும். படி அப்படியேதான் இருக்கும். நாங்கள் பத்துப் பேர் வண்டியோடு வந்து உங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் வேலை நடக்கும். சொல்லுங்கள், வருகிறோம்.

---

தேவகோட்டை வாத்தியார்:

தம்பி, சாலையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் போராட்டம் தானாக நடக்கிறது என்று நினைக்காதே. 1977 ஏப்ரலில் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் ஒரு மத்திய அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே வராமல் இருந்தார்கள். அரசுப் பணம் பெறும் இடங்கள் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்ற, அந்நாட்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுக்கு விதிகளைக் கையெழுத்திட வேண்டும் என்பது கோரிக்கை. ஜூடி ஹியூமன், கிட்டி கோன் எல்லாம் அதில் முன்னால் நின்றவர்கள். சாப்பாட்டுக்கு ஒரு குழு, மருந்துக்கு ஒரு குழு, பத்திரிகைக்கு ஒரு குழு என்று பிரித்திருந்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர் தினமும் சூடாகச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளே தொலைபேசியைத் துண்டித்தபோது காது கேளாத போராளிகள் ஜன்னல் வழியாகச் சைகை மொழியில் வெளியே இருப்பவர்களிடம் பேசினார்கள். விதிகள் கையெழுத்தாயின.

அதில் இருந்த பலர் முன்பே வேறு உரிமைப் போராட்டங்களில் கூட்டம் நடத்தவும் ஆள் சேர்க்கவும் பேச்சு வார்த்தைக்கு உட்காரவும் பழகியவர்கள். அந்தப் பழக்கத்துக்குத்தான் நான் பயிற்சி என்று பெயர் வைக்கிறேன். வாசலில் பத்து வண்டி நின்றதும் அதிகாரி இறங்கி வந்து 'என்ன வேண்டும்?' என்று கேட்பார் பார், அந்த ஐந்து நிமிடத்தில் சொல்ல உன்னிடம் அளவு, பிரிவு எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். அது இல்லாமல் போய் 'ஆவன செய்கிறோம்' என்று கேட்டுத் திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

---

கோட்டையூர் அம்மா:

நான் மாற்றுத்திறனாளி இல்லை, என் மகன் அறிவுசார் மாற்றுத்திறனாளி, 19 வயது. இதுவரை பேசிய எல்லோரும் வாய் திறந்து பேசக்கூடியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தலைமைப் பயிற்சி என்று ஆள் எடுக்கும்போது யாரை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கால் பாதிப்புள்ள ஆண்கள், நன்றாகப் பேசுபவர்கள், பஸ் ஏறி வரக்கூடியவர்கள். அவர்கள் திரும்பி வந்து சாய்தளம் கேட்பார்கள், ஸ்கூட்டர் கேட்பார்கள். தப்பில்லை, வேண்டியதுதான். ஆனால் காது கேளாதவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் கேட்க வேண்டியது யார் வாயிலும் வராது. ஒரு பயிற்சியில் காது கேளாத பையன் ஒருவன் இரண்டு நாள் முழுக்கச் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவன் அம்மா நோட்டில் எழுதி எழுதிக் காட்டினார், மதியத்துக்கு மேல் அவருக்கும் கை ஓய்ந்துவிட்டது. கடைசியில் அவனுக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அவன் என்ன கற்றான்?

என் நாத்தனார் அமெரிக்காவில் இருக்கிறார், அவர் பெண்ணுக்கு டவுன் சின்ட்ரோம். அங்கே மின்னசோட்டா மாநிலத்தில் 1987ல் 'பார்ட்னர்ஸ் இன் பாலிசிமேக்கிங்' என்று ஒரு பயிற்சி தொடங்கினார்கள், பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. வளர்ச்சிசார் குறைபாடு உள்ள பெரியவர்களும் அப்படிப்பட்ட சின்னக் குழந்தைகளின் பெற்றோரும் ஒரே அறையில் சேர்ந்து படிப்பார்கள். ஒரே மூச்சில் முடிக்காமல் மாதம் ஒரு வார இறுதி என்று எட்டு முறை வர வேண்டும், நடுவில் வீட்டுப்பாடம் உண்டு, உங்கள் மக்கள் பிரதிநிதியைப் போய்ப் பாருங்கள், ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று. சட்டம் எப்படி உருவாகிறது, சாட்சியம் எப்படிச் சொல்வது என்று அதில் சொல்லித் தருகிறார்கள். நாத்தனார் சொன்ன ஒன்று மனதில் தங்கிவிட்டது. குறைபாடு உள்ள பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்ட பிறகுதான், தன் பெண்ணுக்காகத் தானே எல்லாம் முடிவு செய்துகொண்டிருந்தது அவருக்கு உறைத்ததாம்.

எனக்கும் அது நடந்தது. இங்கே நடந்த ஒரு சின்னப் பயிற்சியில் பயிற்றுநர் அம்மா என் மகனைப் பார்த்து நேராகக் கேட்டார், "உனக்கு ஊரில் என்ன மாறணும்?" நான் பதில் சொல்ல வாய் எடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். காத்திருந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். இரண்டு நிமிடம் போயிருக்கும், அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னான், "கண்டக்டர் கத்தக் கூடாது."

19 வருடமாக அவனைத் தூக்கி வளர்த்த எனக்கு அது தெரியாது. அவனுக்குச் சிறப்புப் பள்ளி வேண்டும், உதவித்தொகை வேண்டும் என்று நான் அலைந்துகொண்டிருந்தேன், அவனுக்குத் தினமும் வலித்தது பஸ்ஸில். அடையாள அட்டையை எடுக்க நேரமாகும், இறங்கும் இடத்தைச் சொல்லத் திணறுவான், அதற்குள் ஒரு சத்தம். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் ஆறு அம்மாக்கள், பிள்ளைகளோடு, அந்தத் தடத்துப் பஸ் பணிமனைக்குப் போனோம். மேலாளர் முதலில் புகார் என்று நினைத்து யார் கண்டக்டர், பெயர் என்ன என்று கேட்டார். பெயர் வேண்டாம், வண்டி எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் எல்லோரிடமும் பேச விடுங்கள் என்றோம். விட்டார். என் மகனும் இன்னொரு பெண்ணும் அட்டையை எடுத்துக் காட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அங்கேயே செய்து காட்டினார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறோம், புதிதாக வருகிறவர்களுக்காக.

இதுவும் மாற்றம்தானே ஊரணிக்கரை? நீங்கள் போவதாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள் என்பேன். உங்களை மாதிரி இல்லாத ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

---

பழைய கோப்பு:

நான் பேரூராட்சிகளில் 28 வருடம் வேலை பார்த்து வந்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் சில விஷயம் சொல்லலாம்.

முதலில், பயிற்சி உங்களுக்கு மட்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? 2016 சட்டத்தின் 47ஆம் பிரிவைப் படியுங்கள். ஊராட்சி உறுப்பினர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், நிர்வாக அதிகாரிகள், காவல்துறையினர், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் இவர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய பாடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. என் பணிக்காலத்தில் குடிநீர், வரி வசூல், கணக்குத் தணிக்கை எல்லாவற்றுக்கும் பயிற்சிக்குப் போயிருக்கிறேன், இதற்கு ஒரு மணி நேரம்கூட யாரும் வகுப்பு எடுத்ததில்லை. உங்கள் எழுத்தர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறார் பாருங்கள், அவர் மனசில் அது உதவி. சட்டத்தின்படி நீங்கள் உள்ளே வர வழி செய்ய வேண்டியது அலுவலகத்தின் கடமை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் இறங்கி வந்துகொண்டிருந்தேன், பெருமையாகவும் நினைத்தேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, வேலை நடக்கிற விதம். வாய்மொழியாகக் கேட்டது கணக்கில் வராது. மனு தபாலில் பதிவாகி, எழுத்தர் தன்னிடம் வரும் காகிதங்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏறி, ந.க.எண் (அலுவலகம் அதற்குக் கொடுக்கும் எண்) விழுந்த பிறகுதான் அது உயிருள்ள காகிதம். 11 வருடத்தில் அந்தப் படியைப் பற்றி உங்களிடம் ஒரு ந.க.எண் இருக்கிறதா? இல்லையென்றால் அலுவலகத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு குறையே இல்லை. மனுவில் 45ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். ஏற்கனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து வருடத்துக்குள் சரிசெய்திருக்க வேண்டும் என்கிறது, விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு 2022லேயே முடிந்துவிட்டது. 23ஆம் பிரிவின்படி ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தக் கேள்வி போன பிறகுதான் பல இடங்களில் அந்த அலுவலரையே நியமிக்கிறார்கள். ஒன்றும் நகரவில்லை என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார், அவருக்குச் சாட்சிகளை வரவழைக்க, ஆவணங்களைக் கேட்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது போன்ற அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த, அதே 2017 விதிகளின் 15ஆம் விதி செல்லாது, கட்டாயமான விதிகளை மத்திய அரசு மூன்று மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நேரம். ஆகஸ்டில் கேட்டால் எந்த அதிகாரியும் நிதி இல்லை என்பார், அது பெரும்பாலும் உண்மையும்கூட. வரவு செலவுத் திட்டம் தயாராகும்போது, டிசம்பர் ஜனவரியிலேயே போய் நிற்க வேண்டும். இளநிலைப் பொறியாளர் மதிப்பீடு போடுகிற நாளில் வாத்தியார் சொன்ன ஒன்றுக்குப் பன்னிரண்டை அவர் கையில் கொடுக்க வேண்டும், கட்டி முடித்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

நியமன உறுப்பினர் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். நகர்ப்புற மன்றங்களில் நியமன உறுப்பினர் பேசலாம், கேட்கலாம், ஆனால் தீர்மானத்தில் வாக்களிக்க முடியாது, அரசியலமைப்பின் 243ஆர் பிரிவிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆகவே அங்கே உட்காருகிறவருக்குப் பேச்சுதான் பிடி. கூட்டப் பொருளில் எதைச் சேர்க்க வைப்பது, எந்தக் கவுன்சிலரை முதல் நாளே பார்த்துப் பேசி வைப்பது, மினிட் புத்தகத்தில் தன் பேச்சு பதிவானதா என்று எப்படிச் சரிபார்ப்பது, இதையெல்லாம் மதுரையில் சொல்லிக் கொடுத்தால் நிச்சயம் போங்கள். 37ஆம் பிரிவில் வறுமை ஒழிப்பு, வீட்டுமனைத் திட்டங்களில் 5 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் பெண்களுக்கு முன்னுரிமை. உங்கள் ஊரில் அது போன வருடம் எத்தனை பேருக்குப் போனது என்று முதல் கூட்டத்திலேயே கேட்க ஒருவர் வேண்டும்.

---

ஊரணிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன், கடையிலேயே பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

ந.க.எண் கேள்விக்கு உண்மையான பதில்: இல்லை. ஒன்றுகூட இல்லை. 11 வருடமாக எல்லாம் வாயால்தான் சொல்லியிருக்கிறேன், எழுத்தர் அண்ணன் சங்கடப்படுவாரே என்று எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. நேற்றுப் போய் அவரிடமே சொன்னேன், "அண்ணே, உங்கள் மேல் புகார் இல்லை, படி மேல்தான்." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீ எழுதிக் கொடும்மா, நானே பதிந்து தருகிறேன்" என்றார்.

மதுரைக்குப் போன் செய்து கேட்டேன். ஆறு நாளில் மூன்று நாள் சொந்த ஊர்ப் பிரச்சினையில் வேலை, அதற்கப்புறம் நாலு மாதம் கழித்து ஒரு நாள் திரும்பக் கூட வேண்டும் என்றார்கள், அது பரவாயில்லை என்று பட்டது. சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று கேட்டேன், தேவைப்பட்டால் பார்க்கலாம் என்றார்கள். தேவைப்படுகிறது என்றேன். எங்கள் தெருவில் தையல் வேலை செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், 24 வயது, காது கேளாதவள், சைகை மொழி நன்றாகத் தெரியும், ஊரில் அவளோடு அந்த மொழியில் பேசத்தான் ஆள் இல்லை. அவளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டேன், மொழிபெயர்ப்பாளர் வருவார் என்று எழுத்தில் கொடுத்தால் இருவரும் வருகிறோம் என்று. இன்று காலையில் வாட்ஸ்அப்பில் உறுதி செய்து அனுப்பியிருக்கிறார்கள். சேர்க்கை நேரத்தில் கடையை என் தங்கை மகன் பார்த்துக்கொள்வான்.

மறியல் தம்பி, உங்கள் பத்து வண்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன். மனு போட்டு ஜனவரி தாண்டியும் ஒன்றும் நடக்காவிட்டால் கூப்பிடுவேன், அப்போது வர வேண்டும்.

இப்போது வாத்தியார் சாருக்கு ஒரு கேள்வி. நேற்று அந்தத் தையல்காரப் பெண்ணோடு போய் டேப் வைத்து அளந்தோம், அவள் அளக்க நான் எழுதினேன். நாலு படியும் சேர்த்து 28 அங்குலம் உயரம். அப்படியானால் 28 அடி நீளம் சாய்தளம் வேண்டும். ஆனால் படிக்கும் தெருவுக்கும் நடுவில் இருப்பது வெறும் 10 அடி. நேராக விட்டால் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அலுவலகத்துக்கு முன்பக்கம் திண்ணை ஓரமாக இடது கைப் பக்கம் 22 அடி நீளம் காலி இடம் இருக்கிறது. அதில் கொண்டுபோக முடியுமா?

---

தேவகோட்டை வாத்தியார்:

முடியும். திண்ணை ஓரமாகவே 14 அடி ஏறவிட்டு, அங்கே ஒரு சமதளம் போட்டு, திரும்பி அதன் பக்கத்திலேயே இன்னொரு 14 அடி வாசலை நோக்கி வர வேண்டும். இரண்டு ஓட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் அகலம் வேண்டும், சக்கர நாற்காலி திரும்புவதற்கு அந்தச் சமதளம் ஐந்து அடிக்குக் குறையக் கூடாது. அந்தக் காலி இடத்தின் நீளத்தைச் சொன்னாய், அகலத்தைச் சொல்லவில்லை. திண்ணைத் தூணிலிருந்து சாக்கடை வரை எவ்வளவு என்று அளந்து எழுது. வாசல் நிலை எத்தனை அங்குல உயரம் என்றும் பார், நம் ஊர் வீடுகளில் படியை ஏறிவிட்டாலும் நிலை தடுக்கும். அப்புறம் உள்ளே ஆத்தங்குடிக் கல் என்றாயே, ஈரம் பட்டால் உன் ஊன்றுகோலுக்கு ஆகாது, வாசலிலிருந்து எழுத்தர் மேசை வரை ரப்பர் விரிப்பு என்று மனுவில் ஒரு வரி சேர்.

வியாழக்கிழமை காரைக்குடிக்கு வருகிறேன், என்னோடு சக்கர நாற்காலிக்காரர் ஒருவரும் வருவார். மனுவை அதற்குள் அனுப்பிவிடாதே, இடத்தில் வைத்து ஒரு முறை பார்த்துவிடலாம்.